பாத்தாச்சா, எறங்குங்க

ஏணிக்காரரைப் போல ஒரு கறாரான மனிதரை அந்த வானாய்வு நிலையம் அவருக்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. நிலையத்தின் இயக்குநரே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒருமுறை நின்றும் இருக்கிறார். "என்னப்பா, நானுமா?" என்று அவர் கேட்டதற்கு, "உங்களுக்கு என்ன சார், நெனச்ச நேரத்துக்குப் பாக்கலாம். இவங்க என்னிக்கோ ஒரு நாள் வர்றவங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இயக்குநர் சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போனார். உள்ளுக்குள் என்ன நினைத்தாரோ, யார் கண்டது.

அது என்ன ஏணி, என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த நிலையத்தில் மழையில்லாத மாதங்களில் பொதுமக்களுக்கென்று மாலை நிகழ்ச்சி நடக்கும். முதலில் கீழ்க்கூடத்தில் ஒரு பேராசிரியரின் சொற்பொழிவு. அது முடிந்ததும் எல்லாரும் சுற்றுப்படி ஏறி மேலே குவிமாடத்துக்குப் போவார்கள். அங்கே பெரிய தொலைநோக்கி, பழையது, பீரங்கி மாதிரி நீளம். அது வானத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி கண் வைக்கிற முனை மேலே ஏறும், கீழே இறங்கும். அதனால் கைப்பிடியும் சக்கரமும் வைத்த மர ஏணி ஒன்று வேண்டும். ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும், அடுத்தவர் ஏற வேண்டும். அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நம்மவர் வேலை.

பூ, இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். ஏறுகிற ஆள் குழாயைப் பிடித்துத் தொங்கிவிட்டால் கிரகம் பார்வையை விட்டு ஓடிவிடும். சிலர் ஏறினால் இறங்கவே மாட்டார்கள். சிலர் பார்க்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு மூட வேண்டிய கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். பயத்தில் இரண்டையும் மூடிக்கொள்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் விட வேடிக்கை, தங்கள் கண்ணிமை முடியையே பார்த்துவிட்டு, "அடடா, என்ன அழகு!" என்று சொல்லி இறங்குகிறவர்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான், கறுப்பாக, கம்பி கம்பியாக. கண்ணை அசைக்காமல் கொஞ்ச நேரம் நின்றால்தான் கிரகம் வந்து உட்காரும். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதைத்தான் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கும். கீழேயிருந்து ஏணிக்காரர் குரல் கொடுப்பார்:

"பாத்தாச்சா? எறங்குங்க."

உடனே மேலே இருப்பவர், "ஆங், பாத்தாச்சு, பாத்தாச்சு" என்று இறங்கிவிடுவார். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். இத்தனை பேர் பார்த்தது நம் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

ஏணிக்காரருக்கு இந்தப் பொய் நன்றாகத் தெரியும். கீழே நிற்கிறவருக்குக் கண்ணுக்கு நேரே தெரிவது ஏறியவரின் பாதம்தான். ஒன்றும் தெரியாமல் தவிக்கிறவரின் கால்கள் ஒரு நிலையில் நிற்காது. குதிகால் எழும்பும், விரல் நெளியும், எடை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். கிரகம் கண்ணில் விழுந்த நொடியில் இரண்டு பாதமும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். "வாய் பொய் சொல்லும்யா, கால் சொல்லாது" என்பார், கேட்கிறவர்களிடம். தெரிந்தும் என்ன? கால் தவிக்கிறவர்களையும் அவர் இறக்கித்தான் விட்டார். கூட்டம் அப்படி. எல்லாரையும் நிற்க விட்டால் விடிந்துவிடும் என்பது அவர் நியாயம். அதுவும் நியாயம்தான்.

அவர் முதலில் வாயிற்காவலில் இருந்தவர். ஏணிக்கு வந்தது பிற்பாடு. ஏணியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்திருப்பார். வந்த புதிதில் ஆசையாக ஏறிச் சனியை இரண்டு மூன்று தரம் பார்த்ததுண்டு. சின்னஞ்சிறு மஞ்சள் பந்து, அதைச் சுற்றி ஒட்டாமல் நிற்கிற ஒரு வளையம். யாரோ கத்தரித்து ஒட்டி வைத்த மாதிரி அவ்வளவு துல்லியம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டைக்கூட மறந்து மனைவியிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவருக்கு ஏற நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை. அவர் பார்த்ததெல்லாம் செருப்பும் பாதமும்தான்.

சொற்பொழிவு விஷயத்திலும் அவருக்கு ஒரு வினோதமான விதி. கூடத்தின் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைப்பார். பேராசிரியர் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மேலே போய்விட வேண்டும். குவிமாடத்தின் கதவை முன்கூட்டியே திறந்துவைத்து உள்ளேயிருக்கிற சூட்டை வெளியேற்றினால்தான் பார்வை தெளிவாக இருக்கும். ஏணிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும், சிவப்பு விளக்கைப் போட வேண்டும். கீழே கைதட்டுகிற சத்தம் கேட்கப்போகிற நேரம் பார்த்து இறங்கி வந்து வரிசை கட்ட வேண்டும். ஆக, அத்தனை வருஷத்தில் அத்தனை சொற்பொழிவுக்கும் தலை தெரியும், வால் தெரியும், நடுப்பகுதி மட்டும் தெரியாது. பேராசிரியர் தொடங்குகிற விதத்தையும் முடிக்கிற நகைச்சுவையையும் வீட்டில் அப்படியே நடித்துக் காட்டுவார்.

மனைவி கேட்பாள்: "சரி, நடுவுல என்ன சொன்னார்?"

"நடுவுல என்னத்தைச் சொல்லியிருப்பார்? ஏதாவது சொல்லியிருப்பார்."

"நல்லா இருக்கு போங்க! சோத்துல முதல் கவளத்தையும் கடைசிக் கவளத்தையும் தின்னுட்டு எழுந்து வந்த கதை."

அவளும் பார்க்கிற வேலையில் இருந்தவள்தான். பாட்டில் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. வெள்ளை விளக்குக்கு முன்னால் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். உட்கார்ந்துகொண்டு விரிசல் விட்டதை, குமிழி விழுந்ததை, வாய் கோணியதை எடுத்து ஒதுக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு ஒரு கண் சிமிட்டல், அவ்வளவுதான் நேரம். மயிரிழை விரிசலைக்கூட அவள் விட்டதில்லை. "என் வீட்டுக்காரி கண்ணு இருக்கே, அது நம்ம தொலைநோக்கியைவிட ஒசத்தி" என்று ஏணிக்காரர் நிலையத்தில் பெருமை அடித்துக்கொள்வார். வீட்டில் சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தால்கூடத் தப்ப முடியாது என்று புலம்பியதும் அவர்தான்.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுவதற்கு என்ன கேடு? கேடு மச்சான் உருவில் வந்தது. மனைவியின் தம்பி. ஒரு மாலை குடும்பத்தோடு வந்து நின்று, "மாமா, அவ்வளவு பெரிய வரிசையில எங்களை நிக்க வைப்பீங்களா?" என்று இளித்தான். ஏணிக்காரரும் மனம் இளகிப் பின்படி வழியாக ஏற்றிவிட்டார். வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டாள். கைக்குழந்தையோடு வெகுநேரமாக நிற்கிறவள். விடுவாளா? "சொந்தக்காரங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? ஏணி உங்க அப்பன் வீட்டு ஏணியா?" என்று குவிமாடமே அதிரக் கேட்டாள். அத்தனை பேர் முன்னால் ஏணிக்காரர் முகம் செத்துப்போயிற்று. மச்சான் பாட்டுக்குப் பார்த்துவிட்டு, "சின்னதாத்தான் இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அன்றோடு ஏணிக்காரர் சபதம் எடுத்தார்: சொந்தம் பந்தம் எதுவும் இனிமேல் ஏணியடியில் செல்லாது.

அதற்குப் பிறகு ஒரு மாலையில்தான் மனைவி வந்தாள். அவரிடம் சொல்லவே இல்லை. வேலை முடிந்து நேராக வந்து, சொற்பொழிவைக் கேட்க நேரமில்லாமல், வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டாள். சிவப்பு வெளிச்சத்தில் வரிசை நகர்ந்து நகர்ந்து, ஒரு கட்டத்தில் ஏணிக்காரர் நிமிர்ந்து பார்த்தால் எதிரே அவள். புதுப் புடவை கட்டியிருந்தாள். ஊழியர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவ்வளவுதான், ஏணிக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெண்டாட்டிக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்? அவள் ஏறினாள். அவர் அவள் பாதத்தைப் பார்க்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் பார்க்காமல் விட்ட பாதம் அது ஒன்றுதான். வரிசையின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார், எவன் முணுமுணுக்கிறான் என்று. மற்றவர்களுக்குக் கொடுத்ததில் பாதிகூடக் கொடுத்திருக்க மாட்டார்.

"பாத்தாச்சா? எறங்குங்க" என்றார். கட்டிய மனைவியிடம், ஊரார் கேட்க, 'ங்க' போட்டு. வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மேலே ஏணிப்படி ஒரு தரம் கிரீச்சிட்டது. பிறகு, "பாத்தாச்சுங்க" என்று அவள் இறங்கினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், "எப்படி இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே, வளையம் எல்லாம்..."

"பாத்தியா! நான் சொன்னப்ப நம்பலையே நீ" என்று மனுஷருக்கு ஒரே பூரிப்பு. தன் தொலைநோக்கியையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்ட மாதிரி நடந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சனி மாலை நேரத்தில் தெரிகிற மாதங்கள் வந்தால் அவள் மெதுவாக ஆரம்பிப்பாள். "இன்னொரு தரம் வரட்டுமாங்க?" அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "ஒரு தரம்தான் பாத்தாச்சுல்ல? ஒரு தரம்கூடப் பாக்காதவங்க எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?" அவள் அதற்குமேல் பேச மாட்டாள். ஒரு வருஷம் கொஞ்சம் வற்புறுத்தினாள். "கடைசியா நிக்கிறேங்க. எல்லாரும் போன பிறகு ஒரு நிமிஷம்." அவர் அதற்கும் தலையை ஆட்டவில்லை. எல்லாரும் போன பிறகு பெண்டாட்டியை ஏற்றினான் என்றல்லவா பேச்சு வரும்? அடப் பாவி மனுஷா, யார் பேசப் போகிறார்கள், எல்லாரும்தான் போயிருப்பார்களே என்று அன்றைக்கு அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அவர் ஓய்வு பெற்றார். மாலையும் போட்டார்கள், நல்லவிதமாகவும் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தான் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதை வரிசையில் நின்று பார்க்க அவருக்கு ரோஷம் இடம் தரவில்லை. ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

பிறகுதான் மனைவியின் கண்ணில் வந்தது. முதலில் பாட்டில்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் விட்ட ஒரு விரிசல் பாட்டிலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அப்புறம் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கண் மருத்துவர் கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்றார். வலது கண் போய்விட்டது. இடது கண் ஓரங்களில் இருந்து இருட்டிக்கொண்டு நடுவை நோக்கி வருகிறது.

"நடுவுல இருக்கிறது எவ்வளவு நாள் நிக்கும்?" என்று ஏணிக்காரர் கேட்டார்.

"மருந்து போடுங்க. போன பார்வை வராது. இருக்கிறதை இழுத்துப் பிடிக்கப் பாக்கலாம். ஒரு வருஷம் தாங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், "உனக்கு என்ன பாக்கணும், சொல்லு. எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கடல், மலை, அவள் பிறந்த வீடு, இப்படி ஏதாவது கேட்பாள் என்று நினைத்தார்.

"அந்த வளையத்தை இன்னொரு தரம் பாக்கணும்" என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷம் கேட்டாள்! ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது, ஒரு தரமாவது பார்த்திருக்கிறாளே என்று. இந்தத் தரம் ஆசை தீரப் பார்க்கட்டும், எவன் என்ன சொன்னாலும் சரி, ஏணியை விட்டு அவளாக இறங்குகிறவரை இறக்க விடக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார். ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நிகழ்ச்சி நாளை விசாரித்து வந்தார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அவளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனார். வாசல் சுவரொட்டியில் வளையத்தோடு சனி பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் கிட்டே போய், தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தாள்.

கூடத்துக்குள் இருட்டு, படிப்படியாக இறங்குகிற இருக்கைகள். அவளுக்குப் பயம். "நான் இங்கேயே சுற்றுப்படி பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன். வரிசைக்கும் முதல் ஆளா இருக்கலாம். நீங்க போய்க் கேளுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு? கேக்காததா?"

"நடுவுல கேட்டதே இல்லையே. இன்னிக்காவது போய் உட்காருங்க. வந்து எனக்குச் சொல்லுங்க."

சரி என்று போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பேராசிரியருக்குத் தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள், அதே தொடக்கம். ஏணிக்காரரின் உதடுகள் கூடவே அசைந்தன. வழக்கமாகத் தான் எழுந்து போகிற இடம் வந்தபோது கால் தானாகப் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தார். அதற்குப் பிறகு வந்தது எல்லாம் அவருக்குப் புதுசு. இதெல்லாமா சொன்னார் இந்த மனுஷன் என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"சுவரொட்டியைப் பாத்து ஏமாந்துடாதீங்க" என்றார் பேராசிரியர். கூட்டம் சிரித்தது. "அது பழைய படம். சனியோட வளையம் அகலம்தான், ஆனா கனம் ரொம்ப ரொம்பக் குறைச்சல். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேரா விளிம்பு தெரியற மாதிரி பிடிச்சா என்ன தெரியும்? ஒரு கோடு. வளையமும் அந்த மாதிரி நமக்கு விளிம்பைக் காட்டுற காலம் ஒண்ணு உண்டு. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் வரும். இது அந்தக் காலம். இன்னிக்கு நம்ம தொலைநோக்கியில அந்தக் கோடுகூடத் தெரியாது. மொட்டைப் பந்துதான்."

ஏணிக்காரர் முன்னிருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் மெல்லிசா ஒரு கம்பி மாதிரி தெரிய ஆரம்பிக்கும். படத்துல இருக்கிற மாதிரி விரிஞ்சு பாக்கணும்னா ஏழெட்டு வருஷம் பொறுக்கணும். இதே மேடையில வருஷா வருஷம் தலை தலையா அடிச்சுக்கிட்டேன், வளையம் மூடிக்கிட்டே வருது, இப்பவே பாத்துக்கோங்க, உங்க வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு. கேட்டவங்க கூட்டிட்டு வந்தாங்க."

வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார். நேர் மேலே, தலைக்கு மேலே, ஏணிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றவர் காதில் மட்டும் விழவில்லை. ஏணிக்காரர் எழுந்துவிட்டார். அன்றைக்கும் அவர் நடுப்பகுதியை முழுக்கக் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் மனைவியின் பக்கத்தில் ஒரு இளம்பெண் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஊழியர் அட்டை. இப்போதைய ஏணிக்காரி அவள்தான். "ஐயா, நீங்கதானா அது! உங்களைப் பத்திச் சொல்லாத ஆளே இல்லை. அம்மா எல்லாம் சொன்னாங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஏறிடுங்க, அப்புறம் படியில இடிபடுவாங்க."

வரிசைக்கு முன்னாலா? ஏணிக்காரர் மறுக்கவில்லை. அந்தச் சபதம் எங்கே போயிற்றோ. மனைவியின் முகம் வேறு அப்படி மலர்ந்திருந்தது. அவளிடம் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஒவ்வொரு படியிலும் நினைத்தார், ஒவ்வொரு படியிலும் மென்று முழுங்கினார். ஒருவேளை பேராசிரியருக்குத்தான் தப்போ, ஒருவேளை துளியூண்டு தெரியுமோ என்றெல்லாம் மனசு பைத்தியக்காரத்தனமாக ஓடியது.

குவிமாடத்தில் ஈ காக்கா இல்லை. அதே சிவப்பு விளக்கு, அதே எண்ணெய் வாசம். ஏணியின் கைப்பிடியில் அவர் கை வழக்கமாகப் பிடிக்கிற இடம் மழமழவென்று தேய்ந்திருந்தது. அந்தப் பெண்ணே ஒதுங்கி அவருக்கு இடம் விட்டாள். மனைவி ஏறினாள். அவர் கீழே நின்றார்.

"இடது கண்ணை வைம்மா. வலதை மூடிக்கோ. குழாயைத் தொடாதே. கறுப்பா முடி முடியாத் தெரிஞ்சா அது உன் இமை. அசையாம இரு, தானா வரும். அவசரமே இல்லை."

இத்தனை வார்த்தை அவர் அந்த ஏணியடியில் யாருக்கும் சொன்னதில்லை.

இந்தத் தடவை அவர் அவள் பாதத்தைப் பார்த்தார். குதிகால் வெடித்த, பெருவிரல் கொஞ்சம் வளைந்த பாதம். முதலில் தவித்தது. எடை மாறியது, விரல் நெளிந்தது, குதிகால் எழும்பியது. பிறகு நின்றது. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. பார்த்துவிட்டாள்! அந்தக் கண்ணில் இன்னும் விழுகிறது! எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, அவர் 'பாத்தாச்சா' என்று கேட்கவில்லை.

கீழே கைதட்டல் கேட்டது. தொடர்ந்து சுற்றுப்படியில் காலடிச் சத்தம். மேலே பாதங்கள் திடுக்கிட்டு அசைந்தன.

"பாத்தாச்சுங்க" என்று அவள் மளமளவென்று இறங்கினாள். "ரொம்ப அழகா இருந்துச்சு. வளையம் எல்லாம் பளிச்சுன்னு..."

ஏணிக்காரி சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினார்.

முற்றத்தில் ஒரு சிமெண்டு மேடை. அங்கே உட்கார வைத்தார். மேலே குவிமாடத்திலிருந்து, "பார்த்துட்டீங்களா? மெதுவா இறங்குங்க" என்று அந்தப் பெண்ணின் குரல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வளையம் கிடையாது" என்றார் அவர்.

"என்னது?"

"நமக்கு விளிம்பைக் காட்டிக்கிட்டு நிக்குதாம். யார் கண்ணுக்கும் தெரியாது. வெறும் பந்துதான். நடுவுல சொன்னார்."

அவள் குவிமாடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்புறம், "நிஜமாவா?" என்றாள். "எனக்கும் பந்துதாங்க தெரிஞ்சுது. மஞ்சளா, குட்டியா, லேசா நடுங்கிக்கிட்டு. விளிம்பு எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா? தேடித் தேடிப் பாத்தேன், வளையத்தைக் காணோம். சரி, அதையும் இந்தக் கண்ணு தின்னுடுச்சுன்னு நெனச்சேன். நீங்க கீழ நின்னுக்கிட்டு அவ்வளவு ஆசையா... எப்படிச் சொல்றது?"

"உன் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு."

"ஆமால்ல?" என்று அவள் சிரித்தாள். பழைய பாட்டில்காரியின் சிரிப்பு, ஒரு விரிசலைப் பிடித்துவிட்ட சிரிப்பு. அதைப் பார்த்ததும்தான் ஏணிக்காரருக்கு அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்தார். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்ப அன்னிக்கு? முதல் தரம் வந்தப்ப?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"கறுப்பாத் தெரிஞ்சுது. முடி முடியா. இப்ப நீங்க சொன்னப்பதான் தெரியும், அது இமைன்னு. நான் அதுக்குள்ள எங்கேயோ இருக்குன்னு தேடிக்கிட்டிருந்தேன். நீங்க பாத்தாச்சான்னு கேட்டீங்க."

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பின்னாடி அவ்வளவு பேர் நிக்கிறாங்க. உங்க ஆளுங்க வேற சிரிச்சாங்க. நீங்க 'எறங்குங்க'ன்னீங்க. எறங்கிட்டேன்."

"இன்னொரு தரம் பாக்கணும்னு சொன்னியே..."

"முதல் தரம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

ஏணிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வருஷா வருஷம் அவள் வந்து கேட்டதும், தான் சட்டம் பேசியதும், கடைசியாக நிற்கிறேன் என்று அவள் கெஞ்சியதும் ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. வளையம் அகல விரிந்து நின்ற காலமெல்லாம் அந்த ஏணி அவர் கையில்தான் இருந்தது. ஊர் பேர் தெரியாத எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கினார்! அழ வேண்டும் போல இருந்தது. அழுதார். அவள் தேடித் தடவி அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

"வளையம் மறுபடி எப்ப வருமாம்?"

பொய் சொல்லத்தான் நாக்கு எழுந்தது. இத்தனை வருஷப் பொய் போதும் என்று உண்மையைச் சொன்னார். "அடுத்த வருஷம் கம்பி மாதிரி. நல்லா விரிய ஏழெட்டு வருஷம்."

அவள் கணக்குப் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. மேலே வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. யாரோ, "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார்கள்.

"அன்னிக்கு இன்னும் கொஞ்ச நேரம் என்னை விட்டிருக்கலாம்ல?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. குடையை எடுத்து வந்திருக்கலாமே என்று கேட்பது போலக் கேட்டாள்.

"விட்டிருக்கலாம்மா" என்றார் ஏணிக்காரர்.